கொங்குப் பட்டறைக்கு வெளிநாட்டு முதலீடு: காகிதம், செலவு, கெடு எல்லாம் படிப்படியாக

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் கரூரிலும் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பாத தெரு குறைவு. பல வருடம் சரக்கு வாங்கிய வாடிக்கையாளர் ஒரு நாள் தானே கேட்பார்: "உங்கள் கம்பெனியில் நாங்கள் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளலாமா?" கேட்டதும் சந்தோஷமாக இருக்கும். அடுத்த வாரமே ஆடிட்டர் ஒன்று சொல்வார், பேங்க் ஒன்று சொல்லும், வாடிக்கையாளரின் வக்கீல் மூன்றாவதாக ஒன்று கேட்பார். எங்கள் குடும்பத்துப் பம்பு உதிரிபாகக் கம்பெனிக்கு ஓர் ஐரோப்பியக் கூட்டாளி வந்தபோது, முழு வழியையும் ஒரே இடத்தில் தமிழில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. இன்னொரு பட்டறைக்காரர் அப்படித் திண்டாடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலிலேயே மனதில் வையுங்கள்: பணம் உங்கள் கணக்கில் விழுந்த நிமிடத்திலிருந்து சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கும். பாதிக்கு மேற்பட்ட வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தொழில் நன்றாக நடந்தும் கூட்டு முறிந்த இடங்களை விசாரித்தால், பெரும்பாலும் இந்த முன்வேலை நடக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

1. உங்கள் கம்பெனி எந்த வகை என்று பாருங்கள்

நம் ஊர்ப் பட்டறைகளில் பாதி தனிநபர் பெயரில் இருக்கும், அல்லது அண்ணன் தம்பி கூட்டு ஃபர்மாக இருக்கும். இந்த இரண்டிலும் வெளிநாட்டுக் கம்பெனி நேரடியாகப் பங்கு எடுக்க முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி வேண்டும், இல்லையென்றால் எல்.எல்.பி. (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) வேண்டும். எல்.எல்.பி.யில் எல்லாத் தொழிலுக்கும் அனுமதி இல்லை. 100 சதவீதமும் தானியங்கி வழியில் (அரசின் முன் அனுமதி இல்லாமல்) வரக்கூடிய, தனி நிபந்தனை ஏதும் இல்லாத தொழில்களுக்கு மட்டும்தான். உற்பத்தித் தொழிலுக்கு அது பொருந்தும் என்றாலும், வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியையே விரும்புவார்கள். ஆகவே பிரைவேட் லிமிடெடாக மாறிவிடுவது நல்லது.

ஃபர்மைக் கம்பெனியாக மாற்றும்போது ஒரு பெரிய பொறி இருக்கிறது. மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரி வராமல் இருக்க வேண்டுமென்றால், ஃபர்மின் கூட்டாளிகள் எல்லோரும் பழைய விகிதத்திலேயே பங்குதாரர்களாக வேண்டும். அவர்கள் கையில் மொத்தமாக 50 சதவீத ஓட்டுரிமையாவது 5 வருடத்துக்கு இருக்க வேண்டும். இன்று கம்பெனியாக மாற்றி, அடுத்த வருடமே 60 சதவீதத்தை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்தால் அந்த விலக்கு பறிபோகும். விட்ட வரி திரும்பி வரும். தனிநபர் தொழிலைக் கம்பெனியாக மாற்றினாலும் இதே 50 சதவீதம், 5 வருடக் கணக்குதான். கூட்டாளியிடம் பேச்சு தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மச்சான் பணம் போட விரும்பினால் வழி வேறு. அவர் என்.ஆர்.ஐ. அல்லது ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவராக இருந்து, பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகாத அடிப்படையில் போட்டால், அது உள்நாட்டு முதலீடு போலவே கருதப்படும். ஃபர்மிலும்கூட அப்படிப் போடலாம். விவசாயம், தோட்டம், ரியல் எஸ்டேட் வியாபாரம், பத்திரிகை போன்றவை மட்டும் கூடாது. கீழே சொல்லும் ரிசர்வ் வங்கிப் படிவங்கள் பலவும் அதற்குத் தேவையில்லை. குடும்பத்துக்குள் முடிகிற காரியமென்றால் இதை முதலில் யோசியுங்கள்.

2. இந்தத் தொழிலுக்கு, அந்த நாட்டிலிருந்து வரலாமா?

உற்பத்திக்கு 100 சதவீதமும் தானியங்கி வழி. அதாவது டில்லியில் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பணம் வந்தபின் அறிக்கை கொடுத்தால் போதும். பம்பு, மோட்டார், வார்ப்பு, பின்னலாடை, விசைத்தறி, தேங்காய் நார் எல்லாம் இதில் அடங்கும்.

கூடாதவை: சீட்டு கம்பெனி, உறுப்பினர்களுக்குள் மட்டும் பணம் வாங்கிக் கடன் கொடுக்கும் 'நிதி' வகைக் கம்பெனி, லாட்டரி, சிகரெட் உற்பத்தி, நிலம் வாங்கி விற்கும் வியாபாரம். நம் பக்கத்தில் ஒரே கம்பெனியில் பட்டறையும் சைட் வியாபாரமும் சேர்ந்து நடப்பது சகஜம். கம்பெனியின் நோக்கங்களில் ரியல் எஸ்டேட் இருந்தாலே வக்கீல் நிறுத்திவிடுவார். முன்கூட்டியே பிரித்து வேறு கம்பெனிக்குக் கொண்டு போய்விடுங்கள். பல பிராண்டுகளை விற்கும் துணிக்கடைக்கு வெளிநாட்டுப் பணம் கேட்டு அலையாதீர்கள். அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், மாநிலமும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடு இல்லை.

நாடு பற்றிய விதியில்தான் பலர் மாட்டுகிறார்கள். 2020 ஏப்ரலில் வந்த விதிப்படி, இந்தியாவோடு நில எல்லை பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி தேவை. சீனா, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மியான்மர், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் இந்த வரிசையில் வருகின்றன. பணம் அனுப்பும் கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதோடு கேள்வி முடிவதில்லை. அதன் உண்மையான உரிமையாளர் யார் என்றும் பார்ப்பார்கள். சிங்கப்பூர் கம்பெனியின் பின்னால் ஹாங்காங் முதலாளி இருந்தாலும் இந்த விதி தொடும். பின்னலாடை மெஷினரி, மோட்டார் உதிரிபாகம் என்று சீனத் தொடர்பு அதிகம் உள்ள தொழில்களில் இருப்பவர்கள் முதல் மின்னஞ்சலிலேயே உரிமையாளர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சிறு சதவீதம் இருந்தால் என்ன நிலை என்பதைக் கையெழுத்துப் போடும் நாளில் நடப்பிலிருக்கும் விதியை வைத்துப் பாருங்கள். இந்த நாடுகளின் குடிமக்களை டைரக்டராகப் போட உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதலும் வேண்டும்.

3. வீட்டுக் காகிதங்களைச் சுத்தம் செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் நேரம் தின்பது இதுதான். தொழிலை நன்றாக நடத்துகிறோம், ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், லோன் தவறியதில்லை என்றால் போதும் என்று நாம் நினைப்போம். வெளிநாட்டு வக்கீலுக்கு அது போதாது. "இந்தக் கட்டடம் யாருடையது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

நம் பக்கத்துப் பட்டறை பெரும்பாலும் தாத்தா வாங்கிய பூமியில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில், இல்லையென்றால் பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று கூட்டுப் பட்டாவாக இருக்கும். அத்தைமார் சீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்குத் தெரியாது. 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுதும் பெண்பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது. அவர்களிடம் பதிவான விடுதலைப் பத்திரம் இல்லையென்றால் அந்தப் பூமியின் மேல் கேள்வி எழும். எழுதிக் கொடுக்கச் சொல்லி அழுத்தாதீர்கள், அது அவர்கள் உரிமை. உரிய பங்கைக் கொடுத்து, முறையாகப் பத்திரம் செய்யுங்கள். அல்லது பூமியைக் குடும்பத்திடமே விட்டுவிட்டு, கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகை பதிவு செய்து கொடுங்கள். எங்களுக்கு இரண்டாவது வழிதான் உறவும் கெடாமல் முடிந்தது.

எடுத்து வைக்க வேண்டியவை:

மூலப் பத்திரமும் தாய்ப் பத்திரங்களும், 30 வருடத்துக்கான வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. என்னும் புல வரைபடம். கட்டட அனுமதி, தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தீயணைப்புத் துறையின் சான்று, மின் இணைப்பு கம்பெனி பெயரில்தான் இருக்கிறதா என்பதற்கான ஆதாரம். கடைசி மூன்று வருட ஆடிட் அறிக்கையும் வருமான வரிக் கணக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்கள். கோயம்புத்தூர் ஆர்.ஓ.சி.யில் (கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில்) தாக்கல் செய்த எல்லாப் படிவங்களும்.

பிராண்டு பெயரையும் பாருங்கள். வியாபாரச் சின்னம் அப்பாவின் சொந்தப் பெயரில் பதிவாகியிருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அதைக் கம்பெனி பெயருக்கு மாற்றாமல் கூட்டாளி கையெழுத்துப் போட மாட்டார். மாற்றும் விண்ணப்பத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதால் முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

அடுத்தது கடன். சொந்தக்காரரிடம் கைமாற்றாக வாங்கிக் கம்பெனிக் கணக்கில் போட்ட பணம் சட்டப்படி பொது வைப்பாகக் கருதப்படலாம். டைரக்டரும் பங்குதாரரும் கொடுத்த பணத்துக்கு முறை உண்டு. மாமனாரும் நண்பரும் கொடுத்ததற்கு அது செல்லாது. திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

பேங்க் லோன் இருந்தால், பங்கு அமைப்பு மாறுவதற்கு முன்பே அவர்களின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று லோன் ஒப்பந்தத்தில் இருக்கும். எங்கள் சம்மதக் கடிதம் கிளையில் கொடுத்து, வட்டார அலுவலகம் போய், அங்கே ஒரு மேசையில் நீண்ட நாள் கிடந்தது. யாரும் மறுக்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. கிளை மேலாளரிடம் கொடுத்த அன்றே, வட்டார அலுவலகத்தில் இதைப் பார்க்கப் போகும் அதிகாரியின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. கூட்டாளியைத் தேடும் இடம்

ஏற்கனவே சரக்கு வாங்குபவர்தான் நல்ல கூட்டாளி. உங்கள் தரம், உங்கள் கெடு தவறாத குணம் இரண்டும் அவருக்குத் தெரியும். அப்படி யாரும் இல்லையென்றால் சென்னையில் ஜப்பானுக்கு ஜெட்ரோ, கொரியாவுக்குக் கோட்ரா, ஜெர்மனிக்கு இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபை, தைவானுக்கு அவர்களின் பொருளாதார கலாச்சார மையம் என்று அந்தந்த நாட்டு வர்த்தகத்தை வளர்க்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் முதலீட்டு அமைப்பான கைடன்ஸ், பெரிய முதலீட்டுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். உங்கள் திட்டத்தைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு கொண்டு போனால் எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொல்வார்கள். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் இன்டெக் கண்காட்சி, நெசவு மெஷினரிக்காரர்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஐரோப்பாவில் நடக்கும் ஐடிஎம்ஏ கண்காட்சி, இரண்டும் நேரில் பேச நல்ல இடம்.

அவர் பார்க்க வருகிற நாளில் பம்பு சோதனைக்குச் சிடார்க், நெசவுக்குச் சிட்ரா போன்ற நம் ஊர்ச் சோதனைக்கூடங்களின் அறிக்கையைக் கையில் வையுங்கள். வாய்ப்பேச்சை விட அந்த ஒரு தாள் பேசும்.

5. எத்தனை சதவீதம், என்ன விலை

சதவீதம் என்பது வெறும் லாபக் கணக்கு அல்ல. கம்பெனிச் சட்டப்படி முக்கியத் தீர்மானங்களுக்கு 75 சதவீத ஓட்டு வேண்டும். ஆக 25-க்கு மேல் கொடுத்தால், அவர் சம்மதமின்றி அந்தத் தீர்மானங்களை நிறைவேற்ற முடியாது. 10 சதவீதம் இருந்தாலே தனக்கு அநீதி நடக்கிறது என்று கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை உண்டு. அதற்கு நாம் சென்னைக்குப் போய்வர வேண்டும். 26 சதவீத ஓட்டுரிமை ஆகிவிட்டால் வருமான வரிச் சட்டத்தில் நீங்கள் இருவரும் தொடர்புடைய நிறுவனங்கள். அவருக்கு விற்கும் சரக்கு, அவரிடம் வாங்கும் மெஷின், ராயல்ட்டி எல்லாவற்றுக்கும் விலை நியாயமானதுதான் என்று வருடா வருடம் ஆடிட்டர் அறிக்கை கொடுக்க வேண்டும். இதற்குக் குறைந்தபட்சத் தொகை வரம்பு கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி 50-க்கு மேல் எடுத்தால் நீங்கள் அதன் துணை நிறுவனம். சிறு கம்பெனிக்கான சலுகைகள் போகும், பங்குகளை டீமேட் (மின்னணு) வடிவில்தான் வெளியிட வேண்டும்.

என் கருத்து: முதல் சுற்றில் 25 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். மூன்று வருடம் ஒன்றாக வேலை செய்து பாருங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

விலைக்கு இரண்டு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்காக, சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட முறையில் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியில் பதிவான மெர்ச்சன்ட் பேங்கர், காஸ்ட் அக்கவுன்டன்ட் மூவரில் ஒருவர் தருவது ஒன்று. அந்த மதிப்புக்குக் குறைவாக வெளிநாட்டுக்காரருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது. கம்பெனிச் சட்டத்துக்காகப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் தருவது மற்றொன்று. இரு தகுதியும் உள்ள ஒருவரைப் பிடித்தால் செலவு குறையும், இரண்டு அறிக்கைக்கும் இடையே முரணும் வராது. பிரீமியத்துக்கு (பங்கின் முகமதிப்புக்கு மேல் வாங்கும் தொகைக்கு) வரி விதித்த ஏஞ்சல் டாக்ஸ் 2024 பட்ஜெட்டோடு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பயத்தில் பிரீமியத்தைக் குறைக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இந்த மூன்றையும் கவனியுங்கள்.

"ஐந்து வருடத்தில் இத்தனை சதவீத லாபத்தோடு திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்று உறுதி கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு முதலீட்டாளருக்கு நிச்சய வருமானத்தோடு வெளியேறும் வழி சட்டத்தில் இல்லை. வெளியேறும்போது அன்றைய நியாய மதிப்புதான். திருப்பி விற்கும் உரிமை கொடுத்தாலும் குறைந்தது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பங்காக மாறும், அல்லது விரும்பினால் மாறாமல் இருக்கும் என்ற வகைப் பத்திரம் முதலீடாகக் கருதப்படாது; வெளிநாட்டுக் கடனாகிவிடும், அதற்கு வேறு விதிகள். சாதாரணப் பங்கு, கட்டாயமாகப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு, கட்டாயமாகப் பங்காக மாறும் டிபென்ச்சர் (கடன் பத்திரம்) ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணத்துக்குப் பதில் மெஷின் தருகிறேன் என்பார்கள். புது மெஷினுக்குப் பங்கு கொடுக்க வழி உண்டு, பழைய மெஷினுக்குக் கிடையாது. ஐரோப்பாவில் ஓடிய சி.என்.சி.யையோ தறியையோ இறக்கிப் பங்காக மாற்றலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். அதை விலை கொடுத்துத் தனியாக வாங்குங்கள்.

6. பணம் வருவதற்கு முன்

அனுமதிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்கு மூலதனத்தின் உச்ச வரம்பு) போதுமா என்று பாருங்கள். போதாதென்றால் உயர்த்தி, 30 நாளுக்குள் ஆர்.ஓ.சி.யில் தாக்கல் செய்ய வேண்டும். அரசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் உயர்த்தும் தொகையைப் பொறுத்தது. தேவைக்கு மேல் உயர்த்திப் பணத்தை வீணாக்க வேண்டாம். பிரீமியம் இந்தக் கணக்கில் வராது, முகமதிப்பு மட்டும்தான்.

பங்கு ஒதுக்கச் சிறப்புத் தீர்மானம் போட்டு, அதை ஆர்.ஓ.சி.யில் தாக்கல் செய்த பிறகுதான் கூட்டாளிக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் முழு ஒதுக்கீடும் கேள்விக்குள்ளாகும்.

இந்தப் பணத்துக்கென்று தனி பேங்க் கணக்கு திறங்கள். நடப்புக் கணக்கில் வாங்காதீர்கள். அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையாக இருக்கட்டும். உங்கள் கிளை பழகிய கிளைதான். ஆனால் முதலீட்டுப் படிவங்களைப் பார்த்துப் பழக்கம் இல்லையென்றால் ஒவ்வொரு கேள்வியும் மும்பைக்குப் போய்த் திரும்பும்.

கூட்டாளியிடமிருந்து வாங்க வேண்டியவை: பதிவுச் சான்று, முதலீடு செய்ய அவர்கள் போர்டு போட்ட தீர்மானம், உரிமையாளர் பட்டியல், கையெழுத்திடுபவரின் பாஸ்போர்ட், அந்த நாட்டு வரிக் குடியிருப்புச் சான்று, இந்தியாவில் பான் எண். அவர்கள் பக்கத்து டைரக்டர் ஒருவர் வருவதாக இருந்தால் டிஜிட்டல் கையெழுத்தும் டி.ஐ.என். என்னும் டைரக்டர் அடையாள எண்ணும். வெளிநாட்டுக் காகிதங்கள் அப்போஸ்டில் முத்திரையோடு (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சர்வதேச ஒப்பந்தப்படியான சான்று) வர வேண்டும். அந்த ஏற்பாடு இந்தியாவோடு நடைமுறையில் இல்லாத நாடென்றால் இந்தியத் தூதரகச் சான்று வேண்டும். எந்த நாட்டுக்கு எது என்று முன்பே கேட்டுச் சொல்லுங்கள். தவறான முத்திரையோடு கூரியரில் வந்த காகிதத்தைத் திருப்பி அனுப்பினால் வாரக்கணக்கில் போய்விடும். உங்கள் போர்டில் குறைந்தது ஒருவர் வருடத்தில் 182 நாள் இந்தியாவில் தங்குபவராக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பணம் அனுப்பும்போது குறிப்பில் பங்கு முதலீடு என்றே இருக்கட்டும். ஏற்றுமதி முன்பணம் என்று வந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. பங்கு யார் பெயருக்கோ அவர் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். தாய்க் கம்பெனி பங்கு எடுத்து, துணைக் கம்பெனி பணம் அனுப்பினால் கூடுதல் கடிதங்கள் கேட்பார்கள்.

7. பணம் வந்த நாளிலிருந்து

இந்தக் கெடுக்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

60 நாளுக்குள் பங்கு ஒதுக்கியிருக்க வேண்டும். முடியவில்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். அதையும் தவறவிட்டால் 12 சதவீத வட்டி சேரும்.

ஒதுக்கிய 15 நாளுக்குள் ஆர்.ஓ.சி.யில் பாஸ்-3 என்ற பங்கு ஒதுக்கீட்டு அறிக்கைப் படிவம். பொதுவாக 30 நாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்படித் தனிப்பட்ட முறையில் ஒதுக்கும் பங்குக்கு 15 நாள்தான். இந்தப் படிவம் தாக்கலாகும் வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. மெஷினுக்கு முன்பணம் கட்ட அவசரம் இருக்கும், சப்ளையர் நெருக்குவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் என்ற இணையதளத்தில் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் (வெளிநாட்டவருக்குப் பங்கு கொடுத்ததை அறிவிப்பது). அதற்கு முன் அதே தளத்தில் கம்பெனி விவரத்தைப் பதிந்து, உங்கள் ஆளுக்குப் பயனர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இதைப் பேச்சுவார்த்தை நடக்கும்போதே செய்துவிடலாம். படிவத்தோடு போக வேண்டியவை: பணம் வந்ததற்கான பேங்கின் எஃப்.ஐ.ஆர்.சி. சான்று, அனுப்பிய பேங்கிலிருந்து வரும் கே.ஒய்.சி. அறிக்கை, மதிப்பீட்டுச் சான்று, கம்பெனி செக்ரட்டரியின் சான்று, போர்டு தீர்மானம், உறுதிமொழி. இதில் கே.ஒய்.சி. அறிக்கைதான் தாமதமாகும். அது வெளிநாட்டு பேங்கிலிருந்து வர வேண்டும், நம் கையில் இல்லை. பணம் வந்த அன்றே அதைக் கேட்டு உங்கள் பேங்க் செய்தி அனுப்பிவிட்டதா என்று பாருங்கள்.

ரிசர்வ் வங்கி இந்தப் படிவத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தாமதமானால் 7,500 ரூபாயோடு, தொகையில் 0.025 சதவீதத்தைத் தாமத வருடத்தால் பெருக்கிச் சேர்ப்பார்கள். 5 கோடி வந்து ஒரு வருடம் தாமதமென்றால் 7,500-உம் 12,500-உம் சேர்ந்து 20,000 ரூபாய். தொகை பெரிதல்ல. ஆனால் மூன்று வருடம் தாண்டிவிட்டால் இந்த எளிய வழி மூடிக்கொள்ளும், விதிமீறலை ஒப்புக்கொண்டு தொகை கட்டித் தீர்க்கும் சமரச விண்ணப்பம் என்ற நீண்ட பாதையில் போக வேண்டிவரும். அடுத்த சுற்று முதலீடு வரும்போதும் இந்தத் தாமதம் வக்கீலின் கண்ணில் முதலில் படும்.

பங்கு வெளியீட்டுக்கு முத்திரைத் தீர்வை பிரீமியம் சேர்த்த தொகையில் 0.005 சதவீதம், 5 கோடிக்கு 2,500 ரூபாய். உங்கள் பழைய பங்கையே அவருக்கு விற்பதாக இருந்தால் படிவம் வேறு, எஃப்.சி.-டி.ஆர்.எஸ்.; கெடு 60 நாள்; தீர்வை 0.015 சதவீதம்.

அரசுக் கட்டணங்கள் இப்படிச் சின்னவை. உண்மையான செலவு ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, மதிப்பீட்டாளர், வக்கீல் நால்வருக்கும் போகும். நால்வரிடமும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். முழு வேலைக்கும் ஒரே தொகை பேசி, கெடு தவறினால் வரும் அபராதம் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஆடிட்டரிடம் அப்படிக் கேட்கக் கூச்சப்படுவோம். கேளுங்கள், நல்ல ஆடிட்டர் கோபிக்க மாட்டார்.

காகிதங்கள் சுத்தமாக இருக்கும் கம்பெனிக்கே முதல் பேச்சிலிருந்து இதுவரை ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்மிலிருந்து மாற வேண்டியிருந்தால் ஒரு வருடம்.

8. விரிவாக்கத்துக்கு நிலம்

பணம் வந்ததும் எல்லோரும் நிலம் பார்க்கக் கிளம்புவோம். நிதானமாகப் பாருங்கள். ஒரு புரோக்கர் "தொழிற்சாலைக்கு ஏற்ற பூமி" என்று எங்களைக் கூட்டிப் போன இடம் பிறகு விசாரித்ததில் பஞ்சமி நிலமாக இருந்தது. பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த அந்த நிலத்தை மற்றவர் வாங்குவது செல்லாது. வாங்குவது நியாயமும் அல்ல. தாலுகா அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கோயில் நிலம், புறம்போக்கு இரண்டையும் அதே பதிவேட்டில் சரிபாருங்கள்.

தொண்டாமுத்தூர், பேரூர், ஆனைமலை பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்கள் பலவும் ஹாகா என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் வருகின்றன. அங்கே கட்டடம் கட்டத் தனி அனுமதி வேண்டும், யானை வழித்தடமும் பார்ப்பார்கள். கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் உள்ள நன்செய்யைத் தொழிற்சாலையாக மாற்றுவது கடினம். மாறக் கூடாது என்பதே என் எண்ணமும். தண்ணீர் பாயும் பூமி நமக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது.

நொய்யல், பவானி, அமராவதி, காவிரி கரையோரம் நீரைக் கெடுக்கும் தொழில்களுக்குத் தூரக் கட்டுப்பாடு உண்டு. சாயம், சலவை சம்பந்தப்பட்ட தொழிலென்றால் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஏற்பாடு கட்டாயம். வெளிநாட்டுக்காரருக்கு முதல் திட்ட அறிக்கையிலேயே அந்தச் செலவைக் காட்டுங்கள். பின்னால் தெரிந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்றெல்லாம் பிரித்திருக்கிறது. வெள்ளை வகைக்கு அறிவித்தால் போதும். மற்றவற்றுக்குக் கட்டும் முன் ஓர் இசைவு, ஓட்டும் முன் ஓர் இசைவு.

இத்தனையும் பார்க்க வலுவில்லையென்றால் அரசின் தொழிற்பேட்டை நிறுவனங்களான சிப்காட் அல்லது சிட்கோவின் மனை நல்லது. சிப்காட் மனை 99 வருடக் குத்தகை. பெருந்துறையில் பெரிய வளாகம் இருக்கிறது. சொந்தப் பூமி இல்லையே என்று நமக்குத்தான் மனக்குறை. வெளிநாட்டு வக்கீலுக்கு அரசுக் குத்தகை தனியார் பத்திரத்தை விட நிம்மதி. குத்தகையை ஒதுக்கியபின் கம்பெனியின் பங்கு அமைப்பு மாறினால் சிப்காட்டுக்கு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டுமா என்று ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளைப் படியுங்கள். மற்ற அனுமதிகளுக்கு மாநில அரசின் ஒற்றைச் சாளரத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வழிகாட்ட மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.

9. ஒவ்வொரு வருடமும்

ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.எல்.ஏ. அறிக்கை (வெளிநாட்டுக் கடன்பாடு, சொத்து விவரம்). அந்த வருடம் புதிதாக ஒரு பைசா வராவிட்டாலும், பழைய வெளிநாட்டு முதலீடு கணக்கில் இருக்கும்வரை கொடுக்க வேண்டும். ஆடிட் முடியவில்லையென்றால் ஆடிட் ஆகாத கணக்கை வைத்துக் கொடுத்து, பிறகு திருத்தலாம். தவறினால் 7,500 ரூபாய். முதல் வருடம் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் மறக்கிறவர்கள்தான் அதிகம்.

டிவிடெண்ட் அனுப்பும்போது 20 சதவீதமும் மேல்வரிகளும் பிடிக்க வேண்டும்; அந்த நாட்டோடு வரி ஒப்பந்தம் இருந்தால் குறையும். ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் 10 சதவீதம். ஆனால் அந்த வருடத்துக்கான வரிக் குடியிருப்புச் சான்று கையில் இருந்தால்தான் குறைந்த விகிதம் செல்லும். டிவிடெண்ட் அறிவிக்கும் போர்டு கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே அதைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

கூட்டாளியின் பொறியாளர் இங்கே வந்து தங்கி வேலை பார்ப்பதாக இருந்தால் வியாபார விசா போதாது, வேலை விசா வேண்டும். 180 நாளுக்கு மேல் தங்குகிற விசாவென்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அவருக்கு வீடு வாடகைக்கு எடுக்கும்போது வாடகை ஒப்பந்தத்தைக் கம்பெனி பெயரில் போடுங்கள். பதிவுக்கு அதன் நகல் கேட்பார்கள், வீட்டுக்காரரையும் முன்கூட்டியே சொல்லித் தயார் செய்து வையுங்கள்.